ஓட்டுநரைக் கைது செய்வதற்கு முன் சைட்டின் வரைபடத்தைக் கேளுங்கள்

பெறுநர்:
இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், தமிழ்நாடு அரசு
தமிழ்நாட்டுக் கட்டுநர் சங்கங்கள் மற்றும் ஒப்பந்ததாரர் சங்கங்களின் நிர்வாகிகள்

மதிப்பிற்குரியோரே,

கட்டுமானப் பணியிடத்தில் பின்னோக்கி வந்த டிப்பர் லாரியின் சக்கரத்தில் சிக்கித் தொழிலாளி உயிரிழந்தார் என்று தொடங்கும் நாளிதழ்ச் செய்தி, ஓட்டுநரைக் காவல்துறையினர் கைது செய்து விசாரித்து வருகின்றனர் என்ற வரியோடு முடிந்துவிடுவது வழக்கம். அந்த ஓட்டுநர் மீது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் பதிவாகிறது. பிரிவு எண் மாறியதே தவிர, விசாரணை தேடிப் போகும் ஆள் மாறவில்லை. அந்த லாரி எதற்காகப் பின்னோக்கி வர வேண்டியிருந்தது, அது வரும் வழியில் தொழிலாளிக்கு என்ன வேலை, வழிகாட்ட ஏன் ஒருவரும் இல்லை என்ற கேள்விகள் எழுவதற்குள் அந்த இடத்தில் மறுநாள் வேலை தொடங்கிவிடுகிறது. சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டுமானப் பணியிடங்களில் வண்டி வரத்தைக் கவனித்துவரும் மேற்பார்வையாளன் என்ற முறையில், அந்தக் கேள்விகளைத் தங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஓட்டுநர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று வாதாடுவது என் நோக்கம் அன்று. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஹைட்ரா கிரேனை ஓட்டுபவரையும், உரிமம் இல்லாத கிளீனர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவரையும் நான் நன்கு அறிவேன். அவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வண்டி எந்த வழியாக வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் வெளியேற வேண்டும் என்ற நான்கையும் தீர்மானிப்பது ஓட்டுநர் அல்லர். அவற்றைத் தீர்மானிப்பவர், அல்லது தீர்மானிக்காமலே விட்டுவிடுபவர், சைட் அலுவலகத்தில் இருக்கிறார்.

பின்னோக்கி வருவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். மண் ஏற்ற வரும் டிப்பரின் பின்பலகைக்குப் பின்னால் பல அடி தூரத்துக்கு ஓட்டுநரின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாத பகுதி ஒன்று உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது நமக்கு நடையைவிடச் சற்றே கூடுதலான வேகமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் நகர்ந்துவிடும். கூச்சல் கேட்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள், குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருப்பவர் இருந்த இடத்தை வண்டி கடந்திருக்கும். ஆகவே, சைட்டுக்குள் பின்னோக்கி ஓட்ட வேண்டிய தேவையையே குறைப்பதுதான் முதல் பாதுகாப்பு. உள்ளே வர ஒரு வாயில், வெளியேற இன்னொரு வாயில், இடையே ஒருவழிப் பாதை என்று அமைத்துவிட்டால் பாதி ஆபத்து வாசலிலேயே நின்றுவிடும். மனை குறுகலாக இருந்து ஒரே வாயில்தான் சாத்தியம் என்றால், லாரி திரும்பிக்கொள்ள ஓரிடத்தை ஒதுக்கி, அந்த இடத்தில் செங்கலோ ஜல்லியோ கம்பியோ இறக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். பெரும்பாலான சைட்டுகளில் அப்படி ஓரிடம் முதல் மாதத்தில் இருக்கத்தான் செய்கிறது. மூன்றாம் மாதத்தில் அங்கே சென்ட்ரிங் பலகை அடுக்கியிருக்கும்.

பின்னோக்கி வந்தே தீர வேண்டிய இடத்தில் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்த் தொழிலாளர்களிடம் பேங்க்ஸ்மேன் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். பளிச்சென்ற மேலங்கி அணிந்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி சாய்வாக விலகி நின்று, கைச் சைகையால் மட்டும் வண்டியை நகர்த்தும் பயிற்சி பெற்றவர் அவர். அவர் கண்ணாடியில் இருந்து மறைந்த கணமே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. இங்கே அந்த வேலையைச் செய்துவந்த கிளீனர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்று பல வண்டிகளை ஓட்டுநர் தனியாகவே கொண்டு வருகிறார். கிளீனர் வரும் வண்டியிலும் அவர் நிற்கும் இடம் நேர் பின்னால்தான். பின்பலகையைத் தட்டி ‘வா, வா, ரைட்டுல ஒடி, வா’ என்று கூவியபடியே அவரும் பின்னோக்கி நடக்கிறார்; அவருடைய குதிகாலுக்குப் பின்னால் கிடக்கும் சவுக்குக் கட்டையை அவர் பார்ப்பதில்லை. ஜெனரேட்டரும் கான்கிரீட் பம்பும் ஓடும் இடத்தில் அவர் குரல் கேபினுக்குள் எட்டுவதும் இல்லை. ஓட்டுநர் தமிழராகவும், வழிகாட்டுபவர் பீகார் அல்லது ஒடிசாவில் இருந்து வந்தவராகவும் இருக்கும் இடங்களில் ‘நில்’ என்ற ஒரு சொல்கூடப் பொதுவாக இருப்பதில்லை. கைச் சைகைக்கு மொழி தேவையில்லை. ஆனால் அதை ஒருமுறையாவது இருவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ரிவர்ஸ் அலாரம் இதற்கு மாற்று என்று சிலர் கருதுகிறார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகளே மண் அள்ளும் இயந்திரங்களிலும் வண்டிகளிலும் பின்விளக்கு, கைப்பிரேக், ரிவர்ஸ் அலாரம், முன்னும் பின்னும் வெளிச்சம் பாய்ச்சும் விளக்கு ஆகியவை இருக்க வேண்டும் என்று கேட்டன. நடைமுறையில், நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மண் லாரிகளும், கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகளும் இரவில் வருகின்றன. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்கிறார்கள். சைட்டில் இருந்து ‘அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துப்பா’ என்று வாய்மொழி உத்தரவு வருகிறது. ஓட்டுநர் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார். வெளிச்சமும் விழிப்பும் குறைந்த நேரத்தில்தான் அலாரமும் ஊமையாகிறது. ‘பீப், பீப்’ என்று ஒற்றைச் சுருதியில் அலறாமல், காற்றுச் சீறுவதுபோல் ஒலிக்கும் அலாரங்கள் சந்தையில் கிடைக்கின்றன. வண்டிக்குப் பின்னால் இருப்பவருக்கு எந்தத் திசையில் இருந்து ஒலி வருகிறது என்பதை அவை நன்கு உணர்த்தும். சற்றுத் தள்ளிப் போனாலே ஒலி தேய்ந்துவிடும் என்பதால் அண்டை வீட்டாருக்கும் தொல்லை குறைவு. இரவில் வரும் வண்டிகளுக்கு இவற்றைக் கட்டாயமாக்குவது பெரிய செலவு அன்று.

ஓடும் வண்டியைப் பற்றியாவது எல்லோரும் பேசுகிறோம். நிற்கும் வண்டியைப் பற்றிப் பேச ஆளில்லை என்பதால், இந்த மடலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க விரும்புகிறேன்.

மனையில் இருந்த மரங்கள் அஸ்திவாரம் தோண்டும்போதே போய்விடுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் சித்தாளுக்கும் கம்பி கட்டுபவருக்கும் அந்த வெட்டவெளியில் கிடைக்கும் ஒரே நிழல் நின்றுகொண்டிருக்கும் லாரியின் நிழல்தான். முதலில் லாரியின் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சூரியன் நகர நகர நிழலோடு அவர்களும் நகர்கிறார்கள். சாப்பிட்டு முடித்தபின் சிமென்ட் சாக்கை விரித்து, பின்சக்கரங்களுக்கு இடையில் தலையை வைத்துக் கண்ணயர்கிறார்கள். எதிர்ப்பக்கமாக நடந்துவந்து கேபினில் ஏறும் ஓட்டுநருக்கு அவர்கள் அங்கே இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை சுற்றிவந்து, குனிந்து பார்த்து, ஹாரன் அடித்து, சில நொடிகள் பொறுத்த பிறகே கியர் போட வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் தகரக் கூரையோ பச்சை வலையோ போட்டு, தண்ணீர் வைத்து, உட்கார ஓரிடம் அமைத்துத் தராத ஒப்பந்ததாரர், லாரிக்கு அடியில் படுத்த தொழிலாளியின் அறியாமையைப் பற்றிப் பேசுவது எனக்கு வெட்கக்கேடாகத் தோன்றுகிறது. ஓய்வுக் கொட்டகையும் வாகனப் பாதுகாப்பு ஏற்பாடே என்று இயக்ககம் தன் ஆய்வுப் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

இதைவிடச் சொல்லக் கடினமானது குழந்தைகளைப் பற்றியது. வெளிமாநிலக் குடும்பங்கள் சைட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகையில் குடியிருக்கின்றன. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. 20 பெண்கள் வேலை செய்யும் சைட்டிலும் தவழும் குழந்தை இருக்கிறது; அதற்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. உயரமான லாரியின் முன் பம்பரை ஒட்டி நிற்கும் மூன்று வயதுக் குழந்தை, ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. எண்ணிக்கை எதுவாயினும், குடியிருப்புக் கொட்டகைக்கும் வண்டிப் பாதைக்கும் இடையே குழந்தை நுழைய முடியாத தடுப்பு வேலி இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சரிவு. அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் லாரி இறங்கி ஏற மண்ணாலேயே சரிவுப் பாதை போடுகிறோம். அந்தச் சரிவில் காலி டிப்பரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கிவிடுகிறார். வண்டி அசையாமல் நிற்கிறது. பொக்லைன் மண்ணை அள்ளிக் கொட்டத் தொடங்குகிறது. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் வண்டி ஒருமுறை குலுங்குகிறது, எடையும் ஏறுகிறது. காலி வண்டியைப் பிடித்து நிறுத்திய பிரேக் பத்து, பதினைந்து டன் மண் ஏறிய வண்டியையும் பிடித்து நிறுத்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் பார்த்து மாதக்கணக்கான வாடகை வண்டியில் அது பெரும்பாலும் நிறுத்தாது. எனவே சரிவில் லோடு ஏற்றவே கூடாது. சமதளத்தில்தான் ஏற்ற வேண்டும். வேறு வழியின்றிச் சரிவில் நிறுத்த நேர்ந்தால் இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, மேல்நோக்கி நிற்கும் வண்டியை முதல் கியரிலும் கீழ்நோக்கி நிற்கும் வண்டியை ரிவர்ஸ் கியரிலும் விட்டு, முன்சக்கரங்களை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

கட்டை என்று சொன்னதும் நம் ஆட்கள் ஒரு கருங்கல்லைத் தேடுவார்கள். உருண்டைக் கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். லோடு வண்டி ஏறினால் சிதறித் தெறிக்கும். வண்டி போன பிறகு பாதையிலேயே கிடந்து அடுத்த இருசக்கர வாகனத்தைக் கவிழ்க்கும். ஆப்பு வடிவில் செய்த ரப்பர் அல்லது மரக் கட்டைகள் இரண்டைக் கயிற்றில் கோத்து ஒவ்வொரு வண்டியிலும் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு ஒரு டயர் பஞ்சர் பார்க்கும் செலவோடு ஒப்பிடக்கூடியது. கட்டை இல்லாத வண்டியை வாயிலிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரத்தைச் சைட் நிர்வாகம் காவலாளிக்கு எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியில் தந்தால், பொறியாளரின் ஒரு தொலைபேசி அழைப்பில் அது பறந்துவிடும்.

பொக்லைனையும் ஜேசிபியையும் நிறுத்தும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும் என்பது ஆபரேட்டர்கள் அனைவருக்கும் தெரியும். வேலை முடியும் நேரத்தில் செய்வதும் உண்டு. தவறு நிகழ்வது நடுவில் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில்தான். பக்கெட் அந்தரத்தில் நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கேபின் கதவு திறந்திருக்கும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருந்தால் பக்கெட் தானாகவே இறங்கும்; ஏறிப் பார்க்கும் ஆசையில் யாராவது லீவரைத் தொட்டாலும் இறங்கும். சாவியை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க முடியாது. ஒரே தயாரிப்பைச் சேர்ந்த பல இயந்திரங்களுக்கு ஒரே சாவி பொருந்துகிறது. சைட்டில் பாதிப்பேரின் சாவிக்கொத்தில் அது தொங்குகிறது. ஆகவே, சாவியை எடுப்பதோடு பேட்டரி ஸ்விட்சையும் அணைத்து, கேபினைப் பூட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-ஆம் பிரிவு, உரிமம் பெற்றவர் இருக்கையில் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் நிறுத்தி வைப்பதென்றால் இன்ஜினை அணைத்துப் பிரேக் போட்டு, அது தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. சாலையில் நிற்கும் மாருதி காருக்கு இந்த விதி உண்டு; தகர வேலிக்கு உள்ளே நிற்கும் 20 டன் இயந்திரத்திடம் இதையாவது எதிர்பார்க்கக் கூடாதா?

பள்ளத்தின் விளிம்பு தனியாகச் சொல்ல வேண்டியது. 6 கன மீட்டர் கான்கிரீட் ஏற்றிய ரெடிமிக்ஸ் லாரியில் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல் இருக்கும். வண்டியின் எடை அதோடு தனியாகச் சேரும். பம்பின் குழாய் எட்ட வேண்டும் என்பதற்காக அந்த லாரியை விளிம்புக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவரச் சொல்கிறார்கள். தோண்டும் பணிக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3764 தர விதி, கனரக இயந்திரங்களும் வண்டிப் போக்குவரத்தும் பள்ளத்தின் ஆழத்துக்குக் குறையாத தொலைவில், 6 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. நகரத்து மனையில் அவ்வளவு இடம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். இடம் இல்லையென்றால் மண் சரியாதபடி தடுப்புச் சுவர் அமைத்து, அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும்; லாரியின் சக்கரம் தாண்ட முடியாதபடி விளிம்புக்கு முன்னால் மண்வரப்போ கான்கிரீட் தடுப்போ போட வேண்டும். இங்கே நடைமுறையில் இருப்பது சிவப்பு வெள்ளைப் பிளாஸ்டிக் நாடா ஒன்றுதான்.

இத்தனையும் தெரிந்த ஓட்டுநர் ஏன் கடைப்பிடிப்பதில்லை என்று கேட்டால், விடை அவருடைய கூலிக் கணக்கில் இருக்கிறது. மண் லாரி ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. வண்டியைச் சுற்றிப் பார்த்து, கட்டை போட்டு, எடுத்து வைத்து, வழிகாட்டிக்காகக் காத்திருந்தால் இரவில் ஒரு நடை குறையும். குறைந்த நடை அவர் வீட்டு அரிசியில் குறையும். ரெடிமிக்ஸ் ஓட்டுநருக்கோ கான்கிரீட் இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி. முன்னால் நாலு வண்டி நிற்கும், பின்னால் பிளான்ட்டில் இருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயம் அன்று. கட்டுநர் சங்கங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: துணை ஒப்பந்தங்களில் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் சேருங்கள், இரவு ஓட்டுநருக்கு நடைக் கணக்கை விட்டு நாள் கணக்கில் பேட்டா பேசுங்கள், அவர் படுத்துத் தூங்க மின்விசிறியுடன் ஓர் அறை ஒதுக்குங்கள். தன் லாரிக்கு அடியிலேயே பாயை விரிக்கும் ஓட்டுநரை எத்தனை சைட்டுகளில் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்!

வெளியே சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகள் போக்குவரத்துக் காவல்துறையின் எல்லைக்குள் வருவதால் விரிவாக எழுதவில்லை. விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் இன்றி இரவில் சாலையோரம் நிற்கும் டிப்பரின் பின்னால் இருசக்கர வாகனம் மோதினால், அந்த லாரியை உள்ளே நிறுத்த இடம் ஒதுக்காத சைட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

இயக்குநர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. புதிய சட்டம் எதுவும் அதற்குத் தேவையில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, பணி தொடங்க 30 நாட்களுக்கு முன்பே ஆய்வாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும் என்றும், பயன்படுத்தப்போகும் இயந்திரங்களை அதில் குறிப்பிட வேண்டும் என்றும் கூறியது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் பணித் தொடக்க அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்போடு ஒற்றைத் தாளில் வண்டி வரைபடம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். வாயில், வண்டிப் பாதை, அதில் இருந்து வேலியால் பிரித்த நடைபாதை, திரும்பும் இடம், நிறுத்துமிடம், லோடு ஏற்றி இறக்கும் இடம், ஓய்வுக் கொட்டகை, குடியிருப்பு ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கட்டும். வண்டிகளுக்குப் பொறுப்பாளர் யார் என்ற பெயரும் கையொப்பமும் இருக்கட்டும். அடித்தளம் முடிந்து மேல்தளம் தொடங்கும்போது சைட்டின் அமைப்பே மாறிவிடும் என்பதால் கட்டம் மாறும்போதெல்லாம் வரைபடமும் மாற வேண்டும். ஆய்வாளர் வரும்போது தலைக்கவசத்தை எண்ணுவதற்கு முன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். விபத்து நேர்ந்தால், ஓட்டுநரின் உரிமத்தோடு அந்தத் தாளும் விசாரணைக் கோப்பில் சேரட்டும். தாளே இல்லையென்றால் யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. புதிய தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்திருக்கிறது. அம்பத்தூரிலும் மேடவாக்கத்திலும் தெருவுக்குத் தெரு எழும் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்களில் 30 பேர்கூட இருப்பதில்லை. அங்கேயும் அதே டிப்பர்தான் வருகிறது, அதைவிடக் குறுகலான சந்துக்குள் பின்னோக்கித்தான் வருகிறது. அவற்றுக்கு அலுவலர் வேண்டாம். கட்டட அனுமதி வாங்கியவரோ மேஸ்திரியோ வண்டிப் பொறுப்பாளர் என்று பெயர் கொடுத்தால் போதும், அவருக்கு ஒருநாள் பயிற்சியை இயக்ககமும் சங்கங்களும் சேர்ந்து நடத்தலாம். பயிற்சிக்கூடம்கூடத் தேவையில்லை, ஒரு மைதானமும், ஒரு டிப்பரும், கேபினில் ஏறி உட்கார்ந்து பின்னால் என்ன தெரியவில்லை என்று தாமே பார்க்கும் வாய்ப்பும் இருந்தால் போதுமானது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அடித்தளப் பள்ளம் தோண்டியுள்ள சைட்டுகளை மட்டுமாவது தேர்ந்தெடுத்து, அவற்றின் சரிவுப் பாதைகளையும் விளிம்புத் தடுப்புகளையும் வண்டி நிறுத்துமிடங்களையும் தங்கள் ஆய்வாளர்கள் நேரில் பார்வையிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பணியிட வாகன மேற்பார்வையாளர் ஒருவர்,
சென்னை.